காசிக் கோனார் கண்ட மஞ்சள்

காசிக் கோனார் தன் வாழ்நாளில் பாதியைப் பெண்டாட்டியைப் பிரிந்தே கழித்தவர். அதை அவர் பிரிவு என்று நினைத்ததில்லை. தொழில் என்றுதான் நினைத்திருந்தார்.

சங்கரன்கோவில் சீமையில், திருவேங்கடத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில் அவருடைய ஊர். தை அறுவடை முடிந்து, மேற்கே வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக் குளத்துப் பாசன வயல்கள் காலியானதும், ஆடுகளை ஓட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். வயல்காரர்கள் உரத்துக்காகக் கிடை போடச் சொல்லி ஆள் அனுப்புவார்கள். இன்று இந்த வயல், நாளை அடுத்த வயல் என்று இரவில் ஆடுகளை அடைத்து, பகலில் மலையடிவாரத்தில் மேய்த்து, கரிசலில் கோடை மழை விழுந்த செய்தி வந்த பிறகுதான் கிழக்கே திரும்புவார். கல்யாணமான வருஷத்திலும் அப்படித்தான் போனார். மகள் கோமதித்தாய் பிறந்தபோதும் கிடையில்தான் இருந்தார். ஊர் திரும்பிப் பார்த்தபோது பிள்ளை குப்புற விழுந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

மனைவி பேச்சித்தாய் அந்த மாதங்களை எப்படிக் கழித்தாள் என்று அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அவர் வாசலில் கம்பைச் சாத்தியதும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். எந்த மறி குட்டி போட்டது, எது சினையாக இருக்கிறது என்று கேட்பாள். அவர் சொல்லுவார். ஒருவரைக் காணாமல் மனம் கிடந்து தவிப்பதை அந்தப் பக்கத்தில் ‘தேடுது’ என்பார்கள். பிள்ளைக்குத் தேடலாம், தாய்க்குத் தேடலாம். புருஷன் பெண்டாட்டிக்குத் தேடுவதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை.

அறுபது கடந்து, சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆன ஒரு மார்கழியில் கோனாருக்குக் கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பிறகு மூச்சு முட்டியது. படுத்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்தது போல இருந்ததால் சுவரில் சாய்ந்தே தூங்கினார். தை பிறந்தது. வயல்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். ஆண் வாரிசு கிடையாது. பேச்சித்தாயின் தம்பி ஆறுமுகச்சாமி உண்டு, ஆனால் தனி ஆளாக அத்தனை ஆட்டையும் பார்க்க முடியாது. வந்த ஆளை இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் பேச்சித்தாய் சுவரில் சாத்தியிருந்த கம்பை எடுத்துக்கொண்டாள்.

ஊரில் சிரித்தார்கள். பேச்சி கிடைக்குப் போகிறாளாம், கோனார் மகள் வீட்டில் தொட்டிலாட்டப் போகிறாராம் என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். பேச்சித்தாய் அதைக் காதில் வாங்கவில்லை. அவரைச் சங்கரன்கோவிலில் மகள் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, தம்பியோடும் ஆடுகளோடும் மேற்கே போனாள். அவர் போகும்போது அவள் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வழக்கம். அந்த முறை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகளுக்கு வாய்த்தவன் துரைப்பாண்டி, ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வீடு. கடைத்தெருவில் செல்வமணி டாக்டர் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். மருமகன் அங்கே கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். நெஞ்சு களைத்துப்போய்த் தாறுமாறாக அடிக்கிறது, அதனால் தண்ணீர் காலில் இறங்குகிறது என்றார். ஒரு பாட்டிலில் மருந்து கலந்து கொடுத்தார்கள். பாட்டிலின் பக்கத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டியிருந்தது. காலையில் ஒரு பல் அளவு, சாயங்காலம் ஒரு பல் அளவு. உப்பு சேர்க்கக் கூடாது. கூடுதலாகவும் குடிக்கக் கூடாது, குறைத்தும் குடிக்கக் கூடாது. வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீரா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றார் கோனார். அன்றைக்கு அது உண்மை.

மருந்து கேட்டது. கால் வற்றியது. சில நாளில் பாயில் மல்லாந்து படுக்க முடிந்தது. எப்போது கிடைக்குப் போகலாம் என்று கேட்டபோது டாக்டர் சிரித்துக்கொண்டே பார்ப்போம் என்றார். கோனார் அதைப் பங்குனி என்று எடுத்துக்கொண்டார். பங்குனி முடிவதற்குள் வாசுதேவநல்லூர் வயலில் கம்போடு நிற்க வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. இரண்டு பல் குடித்து இவ்வளவு குணம் என்றால் மூன்று பல் குடித்தால் சீக்கிரம் குணமாகும் என்று அவருக்குத் தோன்றியது. மத்தியானமும் ஒரு பல் குடிக்கத் தொடங்கினார். பாட்டில் முன்கூட்டியே தீர்ந்துவிட்டால் பூனை தட்டிவிட்டது என்று கம்பவுண்டரிடம் சொல்லி வாங்கிவந்தார்.

சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குப் புதிது. பகல் நீண்டுகொண்டே போனது. சாயங்காலம் நிழல் சாயும்போது, இந்நேரம் ஆட்டைத் திருப்பியிருப்பாளா, கிடைத் தட்டியை எந்தப் பக்கம் நட்டிருப்பாள், காற்று மலையிலிருந்து வருமே, கம்பளி போர்த்தியிருப்பாளா என்று நினைப்பு ஓடும். வெள்ளச்சி என்ற மறி யாருக்கும் அடங்காது. அவர் கையால் ஒரு பிடி துவரம்பொட்டு தின்றால்தான் பட்டிக்குள் போகும். அதை எப்படி அடைக்கிறாளோ. இப்படி ஆட்டில் தொடங்கி அவளில் முடியும், அவளில் தொடங்கி ஆட்டில் முடியும். இத்தனை வருஷம் அவளும் கரிசலில் இப்படித்தான் சாயங்காலங்களில் உட்கார்ந்திருந்தாளா என்ற கேள்வி ஒரு நாள் வந்தது. அதற்குப் பிறகு அது போகவில்லை.

சந்தைக்கு ஆடு போகும் நாளில் கேட்டடியில் மணிச்சத்தம் கேட்கும். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போய்ப் பார்ப்பார்.

“ஆட்டத் தேடுதா எய்யா, ஆத்தாளத் தேடுதா?” என்றாள் மகள்.

“ஆட்டத்தான்” என்றார் கோனார்.

கிடையின் சேதியைக் கொண்டுவந்தவர் மைதீன் பாட்சா. கடையநல்லூர்க்காரர், ஆட்டு வியாபாரி. வாரம் ஒரு தடவை வாசுதேவநல்லூர் வயல்களில் கிடாக்களைப் பார்த்து விலை பேசிவிட்டுச் சங்கரன்கோவில் சந்தைக்கு வருவார். வரும்போதெல்லாம் துரைப்பாண்டி வீட்டில் ஒரு செம்பு மோர் குடித்துவிட்டுப் போவார். கோனார் ஆடுகளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்பார். எல்லாம் கேட்டு முடித்த பிறகும் எதையோ கேட்காதது போல உட்கார்ந்திருப்பார்.

“ஆட்டுச் சேதி இம்புட்டுத்தான் அண்ணாச்சி. ஆளுச் சேதி வேணும்னா தனியாக் கேக்கணும், தனியாச் சொல்லுவேன்” என்பார் பாட்சா. கோனார் கேட்கமாட்டார். பாட்சாவே சொல்லிவிடுவார்: பேச்சியம்மா நல்லா இருக்கு, வெயிலில் கொஞ்சம் கறுத்துப்போச்சு, கம்பைப் பிடிக்கிற பிடியைப் பார்த்து வயல்காரனே பயப்படுகிறான்.

மாசி நடுவில் கோனாருக்குச் சோறு இறங்கவில்லை. பார்த்தாலே குமட்டியது. கோமதித்தாய் நாட்டு மருந்துக் கடையில் இஞ்சி லேகியம் வாங்கி வந்து சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு உருண்டை கொடுத்தாள். முழங்கால் குடைகிறது என்று சொன்னதைக் கேட்டு, பாட்சா தங்கள் ஊர் ஹக்கீம் வைத்தியரிடம் கறுப்புக் குளிகை வாங்கி வந்தார். தன் வாப்பாவுக்குக் கேட்டது இவருக்கும் கேட்கும் என்றார். கோனார் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றும் பங்குனியைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவருவதாக நினைத்தார். மறுபடியும் டாக்டரிடம் போனபோது வேறு மருந்து உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றுதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் மருந்து என்று கேட்டால் பாட்டில் மருந்தைக் கேட்கிறார்கள் என்பது அவர் எண்ணம். லேகியம் வீட்டில் தின்கிற பொருள். பாட்சா கொடுத்தது பாட்சா கொடுத்தது.

பிறகு மஞ்சள் வந்தது.

முதலில் விளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. அடுத்த நாள் சோறு மஞ்சளாக இருந்தது. மகள் பருப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டாள் என்று நினைத்தார். சந்தை நாளில் மணிச்சத்தம் கேட்டு வெளியே போனார். பொட்டாடுகள் வந்துகொண்டிருந்தன. வெள்ளை உடம்பில் செவலைப் பொட்டு விழுந்த ஆடுகள் அவை. பொட்டைப் பார்த்தே எந்த ஊர் ஆடு, எந்த மறியின் குட்டி என்று சொல்லக்கூடியவர் அவர். அன்றைக்கு எல்லாம் மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்தது போல வந்தன. பொட்டு எது, உடம்பு எது என்று பிரியவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்டை அடையாளம் தெரியாதவன் கிடையில் போய் என்ன செய்ய முடியும் என்று நினைத்தபடி கடைசி ஆடு கடக்கும் வரை பார்த்தார்.

உலகம் மஞ்சளாகத் தெரிகிறது என்றால் அது காமாலை என்று சொல்ல அந்தச் சீமையில் வைத்தியர் வேண்டியதில்லை. பாட்சா அவருடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். கண் வெள்ளையாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். அப்படியானால் வெளியே வராமல் உள்ளுக்குள் ஒளிந்திருக்கிற காமாலை, அதுதான் பொல்லாதது என்று முடிவு செய்தார்கள். காமாலைக்கு இங்கிலீஷ் வைத்தியத்தில் மருந்து கிடையாது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் டாக்டரிடம் சொல்வதில் பொருளில்லை. பாட்சா வாசுதேவநல்லூருக்குப் போய்ப் பேச்சித்தாயிடம் சொன்னார்.

அடுத்த முறை வந்தபோது மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துக் கொடுத்தார். மலையடிவாரத்தில் ஒரு வைத்தியரிடம் பேச்சித்தாயே நடந்து போய் வாங்கியது. கீழாநெல்லி அரைத்து உருட்டியது, கூட ஒரு பேதிச் சூரணம். வெறும் வயிற்றில் மோரில் கரைத்துக் குடிக்க வேண்டும்.

கோனார் முடிச்சை அவிழ்க்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அது அவளுடைய அரக்குச் சேலையின் முந்தானைக் கிழிசல். ஆடித் தபசுக்கு வந்தபோது இதே ஊரில் அவர் வாங்கிக் கொடுத்தது. நிறம் இப்போது சரியாகத் தெரியவில்லை. ஆனால் கரையின் பின்னலை விரல் அறிந்தது. மூக்கருகே கொண்டுபோனார். புகையும் ஆட்டு வாடையும் அடித்தது. பிரிந்திருந்த இத்தனை வருஷத்தில் ஒருவர் கையிலிருந்து ஒருவருக்கு எதுவும் போனதில்லை. அவர் அனுப்பியதில்லை, அவளும் அனுப்பியதில்லை. இதுதான் முதல்.

மறுநாள் காலையிலேயே கரைத்துக் குடித்தார். வயிறு கழிந்தது. பித்தம் இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். வாரா வாரம் முடிச்சு வந்தது. முடிச்சை எதிர்பார்த்துக்கொண்டே நாட்கள் போயின. பொடி தீர்ந்ததும் துணியை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். உடம்பு இளைத்தது. எழுந்தால் தலை சுற்றியது. கோமதித்தாய்க்குப் பயம் வந்து, பேதிச் சூரணத்தைக் கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கலாமே என்றாள். மற்றதை வேண்டுமானால் விடுகிறேன், இதை விடமாட்டேன் என்றார். மற்றதையும் விடவில்லை.

பங்குனி வளர்பிறையில் ஒரு காலை, மணிச்சத்தம் கேட்டது. எழுந்து கேட்டு வரைக்கும் போய்விட்டார். ஆடுகள் கடந்து போய்க்கொண்டிருக்கும்போதே கம்பியிலிருந்து கை நழுவி விழுந்தார். துரைப்பாண்டி தண்டவாளத்திலிருந்து ஓடி வந்து தூக்கினான். மாமனாரின் நாடியைத் தொட்டுப் பார்த்தான். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ரொம்ப நேரம் இருந்தது. தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தார். அன்றைக்குச் சந்தையில் பாட்சா இருந்தார். வாங்கின கிடாக்களைத் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வாசுதேவநல்லூருக்குப் போனார்.

அந்தி சாய்வதற்குள் பேச்சித்தாய் வந்துவிட்டாள். வாசல் வெளிச்சத்தில் நின்றவளைக் கோனார் பாயில் கிடந்தபடி பார்த்தார்.

“ஏட்டி, தலைக்கு மஞ்சளா தேச்சிருக்க?”

“நரைச்ச தலைக்கு எவ மஞ்சத் தேப்பா?” என்று சிரித்தவள், சிரிப்பை நிறுத்திவிட்டு அவருடைய கண்ணைப் பார்த்தாள். கன்னத்தில் கைவைத்தாள். தலையைத் தூக்கித் தலையணையைச் சரிசெய்யப் போனபோது அடியில் இருந்த துணிகள் கையில் தட்டுப்பட்டன. எடுத்துப் பார்த்தாள். எல்லாம் அவள் கிழித்த துணிகள். ஒன்றன்மேல் ஒன்றாக, கரை கரையோடு சேர மடிக்கப்பட்டிருந்தன. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

பிறகு மகளிடம், எய்யா வாயில் போடுவது எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னாள். பாட்டில், லேகிய டப்பா, குளிகை, உருண்டை, சூரணம் எல்லாவற்றையும் ஓலைப் பெட்டியில் போட்டாள். துரைப்பாண்டி வண்டி பிடித்து வந்தான்.

செல்வமணி டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாடியை நெடுநேரம் பிடித்திருந்தார். பிறகு பெட்டியில் இருந்ததை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் தொட்டு, இது யார் கொடுத்தது என்று கேட்டார். லேகியத்துக்கு மகள் பதில் சொன்னாள். குளிகைக்குப் பாட்சாவின் பெயரைச் சொன்னார்கள். கடைசியில் இருந்த உருண்டையையும் சூரணத்தையும் தொட்டபோது கோனார் வாயைத் திறக்கவில்லை.

“நான்தான் குடுத்துவிட்டேன்” என்றாள் பேச்சித்தாய். “காமாலைக்கு. இவுகளுக்கு எல்லாம் மஞ்சளாத் தெரியுது.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். எப்போதிருந்து என்று கேட்டார். பாட்டில் அளவைக் கேட்டார். கோனார் மத்தியானத்துப் பல்லையும் பூனையையும் பற்றிச் சொன்னார்.

“பூனை குடிச்சிருந்தா அன்னைக்கே செத்திருக்கும்வே” என்றார் டாக்டர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “இது காமாலை இல்ல. இந்த மஞ்சள் என் பாட்டில்ல இருந்து வந்தது. இந்த மருந்து நெஞ்சை நிதானமா அடிக்க வைக்கும். அளவு மிஞ்சினா குமட்டும், மஞ்சளாத் தெரியும், கடைசியில நெஞ்சையே நிறுத்திப்போடும். நீரு ஒரு பல் கூட்டிக் குடிச்சீரு. அது ஒண்ணு. வயித்தால போகப்போக உடம்புல இருக்கவேண்டிய சத்து எல்லாம் போயிருது. அப்ப நான் குடுத்த சரியான அளவே விஷமாயிரும்.”

பேச்சித்தாய் சூரணப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேற மருந்து உண்டான்னு நானும் கேட்டேன்” என்றார் டாக்டர். “லேகியம் உண்டா, சூரணம் உண்டா, யாரும் என்னமும் குடுத்துவிட்டாங்களான்னு கேக்கல. இனிமே எல்லாருகிட்டயும் அப்படித்தான் கேக்கணும்.”

அன்று முதல் எல்லா மருந்தும் நின்றது, டாக்டரின் பாட்டில் உட்பட. ஆஸ்பத்திரியின் பின்னறையில் ஒரு கட்டிலில் கோனாரைப் படுக்க வைத்தார்கள். இழந்த சத்துக்கென்று ஏதோ ஒரு உப்பு மருந்தை மட்டும் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். பேச்சித்தாய் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வந்து நாடி பிடிக்கும்போதெல்லாம் டாக்டர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் தெளிய நாலைந்து நாள் ஆயிற்று. குமட்டல் நின்றது. கோனார் ரசஞ்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மஞ்சள் முழுசாகப் போகவில்லை, ஆனால் வெளுத்துக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பழைய அளவில் பாதியை மட்டும் கலந்து கொடுத்தார். காலையில் ஒரு வேளை. அது தவிர வாயில் எது போடுவதானாலும், யார் கொடுத்ததானாலும், தன்னிடம் காட்டிவிட்டுப் போட வேண்டும் என்றார். கிடைக்குப் போவது பற்றிக் கோனார் கேட்டார். இந்த வருஷம் இல்லை என்றார் டாக்டர். அடுத்த வருஷத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

மேற்கே ஆறுமுகச்சாமி ஒற்றை ஆளாகத் திணறிக்கொண்டிருந்தான். பேச்சித்தாய் போயாக வேண்டும். போகிற அன்று மத்தியானம் மகள் தண்ணீருக்குப் போயிருந்தாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

“நான் குடுத்துவிட்டதுதான் உம்மச் சாய்ச்சிட்டு” என்றாள்.

“நீ குடுத்துவிட்டதுன்னுதான் தின்னேன்.”

“கசந்திருக்குமே.”

“கசப்புதான்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கோனார் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “நான் கிடைக்குப் போயிருந்தப்பல்லாம் ஒனக்குத் தேடுமா ஏட்டி?”

கிழிந்த முந்தானை ஓரத்தை விரலில் சுற்றினாள்.

“மழை பேஞ்சா, ஆடு நனையுமேன்னு நெனப்பேன்.”

“ஆட்டையா?”

“ஆட்டத்தான்” என்றாள் பேச்சித்தாய்.

இரண்டு பேருமே சிரிக்கவில்லை. கேட்டில் ரயில் கடந்து போனது.

புறப்படும்போது அவள் ஒரு ஏற்பாடு சொன்னாள். இனி மருந்து எதுவும் அனுப்பமாட்டாள். வெள்ளச்சியின் வால் மயிரில் கொஞ்சம் கத்தரித்துப் பாட்சாவிடம் கொடுத்துவிடுவாள். அதன் மேல் ஒரு பொட்டுகூடக் கிடையாது, முழு வெள்ளை. “பாத்துட்டு, உள்ளதைச் சொல்லிவிடும். வெள்ளையாத் தெரிஞ்சா நான் கிடை முடியட்டும்னு இருந்துக்கிடுவேன். மஞ்சளாத் தெரிஞ்சா அடுத்த பஸ்ஸுல வாரேன். மறைக்கப்படாது.”

கோனார் தலையாட்டினார். அவள் கேட்டைத் தாண்டிப் போவதை வாசலில் நின்று பார்த்தார்.

அடுத்த சந்தை நாளில் பாட்சா வந்தார். மோர் செம்பைக் கீழே வைத்துவிட்டு மடியிலிருந்து முடிச்சை எடுத்தார். அதே அரக்குச் சேலைத் துணி. கோனார் கவனித்தார். அது அரக்காகவே தெரிந்தது. முடிச்சை அவிழ்த்து மயிரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வெயிலில் பிடித்தார். நிழலில் பிடித்தார். வெள்ளை, தும்பைப் பூவைப் போன்ற வெள்ளை. மலை மண்ணின் செம்மை ஓரிரு நுனியில் ஒட்டியிருந்தது. அதுவும் தனியாகத் தெரிந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தார்.

வெள்ளை என்று சொன்னால் அவள் வரமாட்டாள். கிடை முடிந்து, கோடை மழை விழுந்து, ஆடுகள் கிழக்கே திரும்ப இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது. மஞ்சள் என்று சொன்னால் நாளைக்கே வந்து வாசலில் நிற்பாள். ஒரே ஒரு வார்த்தை. அது பொய் என்று பாட்சாவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டார்.

பாட்சாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. “என்னண்ணாச்சி, இம்புட்டு நேரம் பாக்கீரு? வேணும்னா இந்த ஒரு வாரம் மஞ்சளாவே இருந்துட்டுப் போவட்டுமே. எனக்கு என்ன, சொல்லுததைச் சொல்லுதேன்.”

கோனார் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் மயிரைத் துணியில் வைத்துப் பழையபடி முடிந்தார். அவள் பஸ்ஸில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதை நினைத்துப் பார்த்தார். வாசலில் நின்று முதலில் தன் கண்ணைத்தான் பார்ப்பாள்.

“வெள்ளைன்னு சொல்லிரும்வே” என்றார். “நல்ல வெள்ளைன்னு சொல்லும்.”

பாட்சா போன பிறகு அவர் நெடுநேரம் கேட்டடியில் நின்றார். மறுநாள் காலை பாட்டிலிலிருந்து ஒரு பல் அளவு குடித்தார். அதற்கு மேல் எதுவும் குடிக்கவில்லை. இனிமேல் முடிச்சு வருவதற்குக் காரணம் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த சந்தை நாள் மணிச்சத்தம் கேட்டபோது ஆடுகளைப் பார்க்க மட்டுமே வெளியே வந்தார். வெள்ளை, செவலை, கறுப்பு எல்லாம் அதனதன் நிறத்தில் கடந்து போயின. அவற்றுக்குப் பின்னால் பாட்சா வந்தார். வந்தவர் மோர் கேட்பதற்கு முன்பே மடியில் கைவிட்டார்.

கோனார் அங்கேயே நின்று முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கொஞ்சம் ஆட்டு மயிர் இருந்தது. வெள்ளச்சியுடையது இல்லை. கிடையில் இருந்த ஒரே கறுப்பு மறியின் மயிர்.

“என்ன நெறம்னு கேட்டாளா?” என்றார்.

“ஒண்ணும் கேக்கல. குடுத்துருங்கன்னு மட்டும் சொல்லுச்சு” என்றார் பாட்சா.

கறுப்பு மயிரில் மஞ்சள் தெரியாது. எந்தக் கண்ணுக்கும் அது கறுப்பாகத்தான் இருக்கும். அதை வைத்து யாருடைய கண்ணையும் சோதிக்க முடியாது என்பது ஆட்டுக்காரி பேச்சித்தாய்க்குத் தெரியாததில்லை. கோனார் முடிச்சைப் போட்டு மடியில் செருகிக்கொண்டார். பாட்சாவுக்கு மோர் கொண்டுவரச் சொல்லி மகளைக் கூப்பிட்டார். பிறகு, அந்த வருஷத்தில் முதல் முறையாக, ஆடுகளைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அவளைப் பற்றிக் கேட்டார்.